ஆயில் குடிப்பதைத் தடுக்குமா இந்த டப்பா?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் கூடும் இடங்களில் ஒரு சிறு அலுமினிய டப்பாவைப் பற்றிய பேச்சு நெடுநாளாக நடந்துவருகிறது. டப்பாவின் தலையில் இரண்டு குழாய்வாய்கள். அடியில் வடிகட்ட ஒரு திருகு. என்ஜினுக்குப் பக்கத்தில் பூட்டி, இரண்டு ரப்பர் குழாய்களைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது. 'ஆயில் கேட்ச் கேன்' என்பது அதன் பெயர். இதைப் பூட்டினால் வண்டி ஆயில் குடிப்பது குறையும் என்று விற்பவர் கூறுகிறார். வாங்கியவரும் அதையே திருப்பிக் கூறுகிறார். சான்று கேட்டால், டப்பாவைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டுகிறார். காப்பி நிறத்தில் ஒரு குழம்பு கொட்டுகிறது. "பார்த்தீர்களா, இவ்வளவும் என்ஜினுக்குள் போய் எரிந்திருக்கும்!"

குழம்பு உண்மைதான். டப்பா அதைப் பிடித்ததும் உண்மைதான். ஆனால், அதிலிருந்து ஆயில் செலவு குறைந்துவிட்டது என்ற முடிவுக்கு வருவது பொருந்துமா? பொருந்தாது என்பதே நம் கருத்து. அதை விளக்க, டப்பாவை விட்டுவிட்டு முதலில் என்ஜினுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கை அடைத்துநிற்பவை பிஸ்டன் வளையங்கள். வளையம் என்று பெயரே தவிர அது முழு வட்டமன்று. ஓரிடத்தில் வெட்டு விட்டிருப்பார்கள். சூட்டில் உலோகம் விரிய இடம் வேண்டுமன்றோ? கலவை எரிந்து அழுத்தம் உச்சத்தை எட்டும்போது, அந்த வெட்டின் வழியாகவும் வளையத்தின் ஓரங்கள் வழியாகவும் சிறிது வாயு நழுவிக் கீழேயுள்ள கிராங்க் பெட்டிக்குள் இறங்கிவிடுகிறது. இதைக் கசிவு வாயு என்போம். தேய்ந்த என்ஜினில் இது அதிகம். ஆனால் புத்தம் புதிய என்ஜினிலும் சிறிது உண்டு. இந்த வாயுவில் எரிந்த புகை மட்டுமின்றி, எரியாத பெட்ரோல் ஆவியும் நீராவியும் கலந்திருக்கும்.

கிராங்க் பெட்டிக்குள்ளோ ஒரு புயலே வீசிக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு 6000, 7000 சுற்று சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்துச் சிதறடித்து மூடுபனி போலாக்கிவிடுகிறது. கசிவு வாயு வெளியேறும்போது இந்த மூடுபனியையும் அள்ளிக்கொண்டு போகும். வெளியேற வழி விடாவிட்டாலோ, உள்ளே அழுத்தம் ஏறி, சீல்களைப் பிதுக்கி ஆயிலை வெளியே தள்ளும். ஆகவே ஒரு மூச்சுக்குழாய் கட்டாயம் தேவை.

முன்னாளில் அந்தக் குழாயைக் காருக்கு அடியில் தரையை நோக்கித் தொங்கவிட்டிருந்தார்கள். வண்டி ஓடும்போது அடியில் பாயும் காற்று அதை உறிஞ்சி எடுக்கும். சாலை நடுவில் கறுப்புக் கோடு விழும். நாற்றம் ஊரெல்லாம் பரவும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கவ்வியிருந்த புகைமூட்டம், எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிவதால் உண்டாவதென்று கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய வேதியியலர் ஹாகென்-ஸ்மிட் 1950களில் எடுத்துக்காட்டினார். அந்த ஹைட்ரோகார்பன்களில் கணிசமான பங்கு இந்த மூச்சுக்குழாயிலிருந்து வந்தது. விளைவாக, கலிஃபோர்னியாவில் 1961ஆம் ஆண்டு மாடல்களிலிருந்தும், அமெரிக்கா முழுவதிலும் 1963 மாடல்களிலிருந்தும், கிராங்க் பெட்டியின் மூச்சை என்ஜினே திரும்ப உள்ளிழுத்து எரித்துவிடும் ஏற்பாடு வந்தது. பீ.சி.வி. வால்வு என்று மெக்கானிக்குகள் சொல்வது இந்த ஏற்பாட்டின் வால்வைத்தான்.

இந்த ஏற்பாடு கெட்ட வாயுவை எரித்தது. கூடவே வந்த ஆயில் மூடுபனியையும் என்ஜினின் உள்ளிழுப்புக் குழாய்க்குள் கொண்டுவந்து சேர்த்தது. கேட்ச் கேன் நிற்பது இந்த வழியின் நடுவில்தான். கிராங்க் பெட்டியிலிருந்து வரும் குழாய் ஒரு வாயில். உள்ளிழுப்புக்குப் போகும் குழாய் மறு வாயில். வாயு டப்பாவுக்குள் நுழைந்து வேகம் குறைந்து திரும்பும்போது, கனமான துளிகள் திரும்ப மாட்டாமல் சுவரில் மோதி வழிந்து அடியில் தங்குகின்றன.

பந்தயத்தில் பிறந்த டப்பா

இந்த டப்பாவின் பூர்விகம் பந்தயக் களம். அங்கே இது வந்த காரணத்தை அறிந்தால், விற்பனைக்காரர் சொல்லும் கதை எவ்வளவு திரிந்தது என்பது விளங்கும். உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி, மூச்சுக்குழாய் திறந்த வகையாக இருந்தால் அதிலிருந்து வரும் ஆயில் ஒரு கலத்தில் சேர வேண்டும் என்கிறது. 2000 கன செ.மீ. வரையுள்ள என்ஜினுக்கு 2 லிட்டர் கலம். அதற்கு மேற்பட்டதற்கு 3 லிட்டர். கலம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆனதாகவோ, கண்ணாடி போன்ற ஒரு பார்வைப் பகுதி உடையதாகவோ இருக்க வேண்டும். எதற்காக? ஒரு காரின் மூச்சிலிருந்து ஆயில் பாதையில் வழிந்தால், பின்னால் வரும் கார் வளைவில் வழுக்கிச் சுவரில் மோதும். அதைத் தடுக்கத்தான். ஆயிலை மிச்சப்படுத்துவது அந்த விதியின் நோக்கத்திலேயே இல்லை. பார்வைப் பகுதி எவ்வளவு ஆயில் வந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு. அதாவது அது ஓர் அளவுகோலும் கூட. இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஆயில் என்ஜினை விட்டு எந்தெந்த வழிகளில் போகிறது? வளையங்களைத் தாண்டி மேலேறி எரிகிறது. வால்வுத் தண்டுகளின் ரப்பர் சீல் இறுகிப்போனால் அதன் வழியே இறங்கி எரிகிறது. டர்போ உள்ள வண்டியில் அதன் தண்டோரம் கசிகிறது. கேஸ்கட்டுகளில் ஒழுகுகிறது. இவற்றுக்கெல்லாம் மேலாகத்தான் மூச்சுக்குழாய் வழி. டப்பா நிற்பது இந்த ஒரே வழியில். மற்ற வழிகளில் போகும் ஆயிலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சரி, அந்த ஒரு வழியிலாவது மிச்சம் உண்டா? ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் கார் 3000 கிலோமீட்டரில் 900 மில்லிலிட்டர் ஆயில் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். டப்பாவைப் பூட்டுகிறீர்கள். அடுத்த 3000 கிலோமீட்டரில் டப்பாவில் 120 மில்லி சேர்கிறது. அதில் 40 மில்லி தண்ணீரும் பெட்ரோலும். 80 மில்லி ஆயில். முன்பு அந்த 80 மில்லி உள்ளிழுப்புக் குழாய் வழியே போய் எரிந்தது. இப்போது டப்பாவில் கிடக்கிறது. என்ஜினைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. அதன் ஆயில் தொட்டியிலிருந்து 80 மில்லி போய்விட்டது. டிப்ஸ்டிக் முன்போலவே இறங்கியிருக்கும். நீங்கள் முன்போலவே 900 மில்லி ஊற்றியாக வேண்டும். ஓட்டைப் பானைக்கு அடியில் கிண்ணம் வைத்தால் கிண்ணம் நிறையும், பானை நிறையுமா?

கிண்ணத்தில் விழுந்ததைப் பானையிலேயே ஊற்றினால்? அப்போது மிச்சம் உண்டு. வாயுவிலிருந்து ஆயிலைப் பிரித்து, அதை மீண்டும் என்ஜினுக்கே வடியவிடும் பிரிப்பான்கள் வேறு இனம். பெரும்பாலான கார்களில் தொழிற்சாலையிலேயே வால்வு மூடிக்குள்ளோ என்ஜின் ஓரத்திலோ இப்படி ஒன்றைச் சிறிதாக அமைத்திருப்பார்கள். நமக்குப் பழக்கமான ஒன்றும் உண்டு. திருவொற்றியூரில் தயாரான பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டுகள் பலவற்றில் மூச்சுக்குழாயோடு ஒரு சிறு டப்பா இருந்தது. அதில் தங்கிய ஆயில் இன்னொரு குழாய் வழியே டைமிங் பெட்டிக்குத் திரும்பிவிடும். அந்த எளிய டப்பா ஆயில் செலவைக் குறைத்தது என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். வடிகால் திருகைத் திறந்து கீழே கொட்டும் பளபளப்பான டப்பாவுக்கு அந்தப் பெருமை செல்லாது.

டப்பாக் குழம்பை நாமே எடுத்து மீண்டும் என்ஜினில் ஊற்றிவிடலாமே என்று சிக்கனக்காரர் ஒருவர் கேட்கக்கூடும். வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 900 மில்லி தண்ணீர் உண்டாகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் விளைவது அது. 50 லிட்டர் பெட்ரோலுக்கு 45 லிட்டர் தண்ணீர்! பெரும்பகுதி புகைக்குழாய் வழியே ஆவியாகப் போய்விடுகிறது. நூற்றில் ஒரு பங்கே கீழே நழுவினாலும் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீர், ஆவி வடிவில், கிராங்க் பெட்டிக்கு வரும். அதில் ஒரு பகுதி டப்பாவின் குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. காப்பி நிறத்துக்குக் காரணம் இந்தத் தண்ணீரும் ஆயிலும் கலந்த குழம்பு நிலைதான். கூடவே பெட்ரோலும் எரிந்த அமிலக் கழிவுகளும் இருக்கும். பேரிங்குகளுக்கு இது தகாது. குளிர்காலத்தில் டப்பா சீக்கிரம் நிறைந்துவிட்டது என்று சிலர் கலங்குகிறார்கள். அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் தண்ணீரை.

கார்கள் சொல்லும் சாட்சி

ஒரு பொருளின் மதிப்பை அறிய, உண்மையான நோய்க்கு என்ன மருந்து தரப்பட்டது என்று பார்ப்பது நல்ல வழி. ஷெவ்ரலே கார்வெட் காரின் எல்.எஸ்.1 என்ஜினில், விரைவாக ஓட்டும்போதும் வளைவுகளில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும்போதும் மூச்சுவழியே ஆயில் அள்ளிச்செல்லப்படுவது ஒரு குறையாக இருந்தது. 2001இல் கார்வெட் இசட்.06க்காக எல்.எஸ்.6 என்ற என்ஜினை உருவாக்கியபோது, ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்கள் டப்பா எதையும் தொங்கவிடவில்லை. என்ஜினின் இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தின் மூடிக்குள் மூச்சு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். கிராங்க் பெட்டியின் அறைகளுக்கு இடையே காற்று எளிதில் போய்வரச் சுவர்களில் சாளரங்களும் வைத்தார்கள். ஆயில் வாயுவோடு சேராமலே இருக்க வழி செய்தார்கள். சேர்ந்த பின் பிடிக்க முயலவில்லை.

அதே நிறுவனம் தன் பணிமனைகளுக்கு அனுப்பிய குறிப்பொன்றில், 3200 கிலோமீட்டருக்கு 0.946 லிட்டர் வரை ஆயில் செலவாவது ஏற்கத்தக்கது என்று வரம்பு கூறியிருந்தது. இவ்வளவு தாராளமான வரம்பைக் கேட்டுக் கார் உரிமையாளர்கள் எரிச்சலடைந்ததில் வியப்பில்லை. அந்த எரிச்சல்தான் டப்பாவுக்கு நல்ல சந்தை.

மாஸ்டா ஆர்.எக்ஸ்.8இன் கதை இன்னும் சுவையானது. 2003 முதல் 2012 வரை வந்த இந்தக் காரில் பிஸ்டனே கிடையாது. மூன்று முனையுள்ள சுழலி ஒன்று அறைக்குள் சுழலும். முனைகளிலுள்ள சீல்களுக்கு மசகு வேண்டுமென்பதற்காக, ஒரு பம்பு ஆயிலை அளந்து அறைக்குள் வேண்டுமென்றே செலுத்துகிறது. ஆயில் குடிப்பது இந்த என்ஜினின் நோயன்று, இயல்பு. இதற்கும் டப்பா பூட்டி, செலவு குறைந்துவிட்டது என்று மகிழ்வோரை என்ன சொல்வது? அந்தப் பம்பு தரும் ஆயில் உண்மையிலேயே குறைந்துவிட்டால் தேய்வது முனைச் சீல்கள்தாம்.

1990களின் இறுதியில் வந்த தண்ணீர் குளிர்ப்பு போர்ஷே 911இல், ஆயில் பிரிப்பானின் ரப்பர்த் தோல் கிழிந்தால், வெற்றிட இழுவை ஆயிலைப் பெருமளவில் உறிஞ்ச, புகைக்குழாயிலிருந்து வெண்புகை மேகம்போல் கிளம்பும். பரிகாரம், பழுதான பிரிப்பானை மாற்றுவது. அதை விட்டு டப்பா தேடுவது, கிழிந்த பையைத் தைக்காமல் பின்னால் ஓர் ஆளைப் பொறுக்கவிடுவது போன்றது.

டப்பாவுக்கு நியாயம்

இவ்வளவு சொன்னதால் டப்பா வெறும் ஏமாற்று என்று எண்ணிவிட வேண்டாம். நேரடி எரிபொருள் பீய்ச்சல் வந்தபின் இதற்கு ஒரு நல்ல வேலை கிடைத்தது. முன்பு பெட்ரோல் உள்ளிழுப்பு வால்வின் முதுகில் பட்டு, அதைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும்போது வால்வைக் கழுவ ஆளில்லை. மூச்சுவழியே வரும் ஆயில் சூடான வால்வில் படிந்து கரியாகிறது; நாளடைவில் காற்றுப் பாதை குறுகுகிறது. 2012இல் வந்த டொயோட்டா 86இல் இருவகைப் பீய்ச்சிகளும் இருப்பதற்கு, வேறு காரணங்களோடு, இந்தக் கழுவும் பயனும் உண்டு. ஒருவகைப் பீய்ச்சி மட்டுமே உள்ள கார்களில், நல்ல டப்பா கரிப் படிவை மெதுவாக்க உதவும். முற்றிலும் தடுக்காது, வால்வுத் தண்டு வழியே இறங்கும் ஆயிலை அது தொடுவதில்லை. டர்போ கார்களில், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் ஆயில் படலம் சேர்வதையும் குறைக்கும். ஆயில் கலந்த எரிகலவை எளிதில் 'நாக்' அடிக்கும். அதுவும் ஓரளவு குறையலாம்.

ஆனால் 'நல்ல டப்பா' என்றேன். மூடுபனித் துளிகளில் நுண்ணியவை ஒரு மைக்ரான் அளவே இருக்கும்; தலைமயிரின் பருமனில் ஏழு பத்தில் ஒரு பங்கு கூட வராது. இவை வாயு திரும்பும் பக்கமெல்லாம் தாமும் திரும்பிவிடும். உள்ளே தடுப்புத் தகடோ உலோக வலையோ இல்லாத வெறும் டப்பா பெருந்துளிகளைப் பிடித்து, நுண்துளிகளுக்கு வழிவிட்டு நிற்கும். புகைக்குழாய் பக்கத்தில் பூட்டினாலோ டப்பாவே சூடாகி, ஆவி ஆவியாகவே போய்விடும். மேலே எவ்வளவு மெருகிட்டாலும் இதற்குப் பயனில்லை.

குழாய் இணைப்பிலும் ஒரு பெரும் பிழை நடக்கிறது. டர்போ அழுத்தம் தரும் நேரத்தில் உள்ளிழுப்புக் குழாயில் வெற்றிடம் இல்லை; மாறாக அழுத்தம். அப்போது பீ.சி.வி. வால்வு மூடிக்கொள்ள, கசிவு வாயு மற்றொரு குழாய் வழியே டர்போவின் வாய்க்குப் போகிறது. டப்பாவை முதல் குழாயில் மட்டும் பூட்டியவருக்கு, ஆயில் அதிகமாக வரும் அந்த வேளையில் டப்பா சும்மா நிற்கிறது. வேறு சிலர் உள்ளிழுப்புக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டு டப்பாவைக் காற்றில் திறந்துவிடுகிறார்கள். இது 1961க்கு முந்திய காலத்துக்குத் திரும்பிப் போவது. கிராங்க் பெட்டி வாயு வெளியே வரலாகாது என்பது ஐரோப்பிய விதிகளிலும் அவற்றையொட்டிய இந்திய விதிகளிலும் உள்ளது. சுற்றுப்புறம் கிடக்கட்டும், வெற்றிட இழுவை இல்லாததால் தண்ணீரும் பெட்ரோலும் கிராங்க் பெட்டியிலேயே தங்கி ஆயிலைக் கெடுக்கும்.

இதைவிட மோசமான ஒன்று, டப்பாவே ஆயில் செலவைக் கூட்டுவது. பனி உறையும் நாடுகளில் டப்பாவிலும் குழாயிலும் உள்ள தண்ணீர் உறைந்து வழியை அடைத்துவிடும். மூச்சு முட்டிய என்ஜின் கிராங்க் தண்டின் பின்சீல் வழியே ஆயிலைத் துப்பும். வடிக்க மறந்து டப்பா நிரம்பி வழிந்தால், மூடுபனிக்குப் பதிலாகத் திரவமே ஒரு மடக்காக உள்ளே போகும். திரவம் அமுங்காது, பிஸ்டன் தண்டு வளைந்த பிறகே அது விளங்கும்.

நீங்களே சோதியுங்கள்

டப்பா பூட்டியபின் உண்மையிலேயே டிப்ஸ்டிக் இறங்கவில்லை என்று சாதிப்போர் இருக்கிறார்கள். அவர்களைப் பொய்யர் என்று சொல்ல மாட்டோம். டப்பா பூட்டிய அன்றே ஆயிலையும் மாற்றி, சற்றுக் கெட்டியானதை ஊற்றியிருப்பார்கள். அல்லது முன்பு நிறையூற்றி இருந்ததைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்திருப்பார்கள். அளவுக்கு மேல் ஊற்றிய ஆயிலைக் கிராங்க் தண்டு கூடுதலாக அடித்துச் சிதற, மூச்சுவழியே அது போய்விடும் என்பது பழைய உண்மை. குறுந்தூரம் மட்டும் ஓட்டுபவருக்கு இன்னொரு மாயமும் உண்டு. எரிந்துபோன ஆயிலின் இடத்தைப் பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பி, டிப்ஸ்டிக் மட்டம் அசையாமல் நிற்கும். ஒருநாள் நெடுஞ்சாலையில் 300 கிலோமீட்டர் விரட்டினால் அவை ஆவியாகி, மட்டம் திடீரென விழும். அத்தகையவர் பந்தயப் பாதைக்குப் போனால் ஆபத்து. நீண்ட வளைவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்க, பம்பின் வாய் காற்றை உறிஞ்ச, பேரிங் சில நொடிகளில் பிடித்துக்கொள்ளும். டப்பா இருக்கிறதென்ற நம்பிக்கையில் டிப்ஸ்டிக்கைப் பார்க்காமல் விட்டவர் இழப்பது முழு என்ஜினை.

ஆகவே டப்பாவை வாங்குமுன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். சமதரையில், என்ஜின் சூடாகி நிறுத்திய சில நிமிடங்களுக்குப் பின், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மட்டத்தைப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்று குறியுங்கள். டப்பா பூட்டிய பிறகும் அதே வகை ஆயில், அதே வகை ஓட்டம் என்று வைத்துக்கொண்டு இன்னொரு 3000 கிலோமீட்டர் குறித்து வாருங்கள். டப்பாவில் விழுந்ததை நிறமற்ற சீசாவில் ஊற்றி, பெட்ரோல் கலந்திருப்பதால் நெருப்பண்டாத இடத்தில் சில நாள் வையுங்கள்; பிரிந்து நிற்கும் தண்ணீரைக் கழித்துவிட்டு மீதியை அளந்து அதையும் எழுதுங்கள். இங்கேதான் பந்தயக் கலத்தின் பார்வைப் பகுதி நமக்குப் பாடமாகிறது. மாதாமாதம் டப்பாவில் சேரும் ஆயில் ஏறிக்கொண்டே போனால், வளையங்கள் தேய்கின்றன அல்லது ஒட்டிக்கொண்டுவிட்டன என்று பொருள். அப்போது சிலிண்டருக்குள் காற்றடைத்துக் கசிவு பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ஆயில் நிரப்பும் வாயருகே காது வைத்தால் 'உஸ்' என்ற ஒலி கேட்கும். டப்பா சற்றே காலியாக, டிப்ஸ்டிக் மட்டும் இறங்கினால், வால்வு சீல், டர்போ, அல்லது ஆயிலை வழிக்கும் கீழ்வளையம் என்று தேட வேண்டும்.

வடித்த குழம்பைச் சாக்கடையில் கொட்டாமல், பழைய என்ஜின் ஆயிலோடு சேர்த்து, அதை வாங்கிக்கொள்ளும் பணிமனையில் கொடுத்துவிடுங்கள்.